மேலிருந்து வருவதும் வகுப்புக்குள் போவதும்

மாற்றம் என்பது எங்கள் பள்ளிகளுக்கு எப்போதும் ஜூன் மாதத்தில்தான் வரும். சேர்க்கை நடந்துகொண்டிருக்கும். மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள். நோட்டும் சீருடையும் வந்து இறங்கும், எண்ணி வாங்க ஆள் இருக்காது. அந்த வாரத்தில்தான் இனிமேல் பாடம் இப்படித்தான் நடத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வரும். நான் பார்க்கவே செயல்வழிக் கற்றல் வந்தது, சமச்சீர்க் கல்வி வந்தது, முப்பருவ முறை வந்தது, புதிய பாடப்புத்தகங்கள் வந்தன, கொரோனா வந்து போனது, எண்ணும் எழுத்தும் வந்தது. முந்தியதில் கை பழகி வரும் நேரம் பார்த்து அடுத்தது வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பதவி உயர்வில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் போகிற தம்பி தங்கைகளுக்கு, இந்த வேலையில் கை காய்த்த ஒருவனாகச் சிலவற்றைச் சொல்லி வைக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

தலைமைப் பண்புப் பயிற்சிக்கு நானும் போயிருக்கிறேன். சார்ட் தாளில் ஒரு மரம் வரைந்து, வேரில் 'தொலைநோக்கு' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து, புதிய ஆசிரியர் கையேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு டீச்சர் அலுவலக வாசலில் வந்து நிற்கும்போது அந்த மரத்தால் ஒரு உபயோகமும் இல்லை. அவருக்கு அப்போது வேண்டியது இரண்டுதான். அந்தக் கையேட்டைப் படித்துத் தயாராக முக்கால் மணி நேரம். முதல் மாதம் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தாலும் யாரும் வந்து பிள்ளைகள் முன்னால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற தெம்பு. இந்த இரண்டையும் தலைமையாசிரியர்தான் தர முடியும். அரசாணையில் அது இருக்காது, பயிற்சியில் கிடைக்காது.

இந்தத் தொழிலை நான் பெரிய டீச்சரிடம் கற்றேன். எங்கள் ஒன்றியப் பள்ளிகளில் தலைமையாசிரியையைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இன்றுவரை எனக்கு அவர் பெரிய டீச்சர்தான். நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி உதவித் தொடக்கக் கல்வி அலுவலரே படிவத்தைக் கொடுத்தனுப்பினார். அதன் பின்பக்கத்தில் பெரிய டீச்சர் சத்துணவு அரிசி மூட்டைக் கணக்கு போட்டுவைத்திருந்தார். அப்படி ஓர் ஆள்.

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திரத்தில் ரிஷிவேலிக்காரர்கள் கிராமப் பள்ளிகளில் நடத்தி வந்ததைப் பார்த்து, மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் சென்னைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தவை அட்டைப் பெட்டிகள். ஒன்றிலிருந்து நான்காம் வகுப்பு வரை பிள்ளைகள் கலந்து உட்கார வேண்டும். சுவரில் ஏணிப்படி தொங்கும். பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அதில் போட்டிருக்கும் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு போய், தட்டிலிருந்து அதே சின்னம் போட்ட அட்டையை எடுத்து, ஆறு குழுக்களில் ஆசிரியர் உதவிக் குழுவா, சக மாணவர் உதவிக் குழுவா, தானே கற்கும் குழுவா, எது தன்னுடையது என்று பார்த்துப் போய் உட்காரும். நாங்களோ மேசை நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார வேண்டும். கரும்பலகை இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது, பிள்ளைகள் எழுதுவதற்காக.

பெட்டி வந்த அன்று பெரிய டீச்சர் கூட்டம் போடவில்லை. பள்ளி விட்டதும் எங்களையெல்லாம் கூடத்தில் உட்காரவைத்து அட்டைகளைப் பிரிக்கச் சொன்னார். அவரும் உட்கார்ந்தார். பிரிக்கப் பிரிக்கத்தான் எந்த அட்டைக்குப் பிறகு எது, அறிமுகம் எங்கே, வலுவூட்டல் எங்கே, மதிப்பீடு எங்கே என்பது புரிந்தது. இரண்டு நாள் பயிற்சியில் விளங்காதது மூன்று சாயங்காலங்களில் விரல் வழியாக விளங்கியது. லேமினேஷன் போட்ட அட்டை பிள்ளைகள் கைபட்டால் முதலில் மூலையில்தான் பிரியும். கத்தரிக்கோலை எடுத்து ஓர் அட்டையின் நாலு மூலையையும் வளைவாக நறுக்கிக் காட்டினார். அப்படி நறுக்கினால் சீக்கிரம் பிரியாது. மறுவாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அட்டைகளை ஏணிப்படியோடு சரிபார்க்க ஆரம்பித்தார்கள். காணாமல் போனதைப் பழைய காலண்டர் அட்டையில் அவரே வரைந்து தட்டில் வைத்துவிடுவார். சின்னம் அவ்வளவு சுத்தமாக வராது. அவர் வரைந்த மயிலைப் பிள்ளைகள் கோழி என்றே சொன்னார்கள். ஆனால் அட்டை இல்லை என்பதால் ஒரு பிள்ளையும் படியில் நின்றுபோகவில்லை.

முதல் இரண்டு வாரம் அந்த அட்டை வகுப்பை அவரே எடுத்துக்கொண்டார். நாங்கள் முறைவைத்து வந்து பார்க்க வேண்டும். அட்டை தேடித் தடுமாறினார். ஆறு குழுவில் நாலு குழு வேலை செய்தது, இரண்டு குழு சண்டை போட்டது. இதையெல்லாம் எங்கள் கண் முன்னால்தான் செய்தார். தலைமையாசிரியரே தடுமாறுவதைப் பார்த்த பிறகு எங்களுக்குக் கூச்சம் போய்விட்டது. மூன்றாவது வாரம், "நாளையிலேருந்து நான் எடுக்கட்டுமா டீச்சர்?" என்று நான்தான் போய்க் கேட்டேன். கேட்க வைத்தது அவர்தான் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

எங்களில் மூத்த டீச்சர் ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. பலகையில் எழுதிப்போட்டு வாய்ப்பாடு சொல்லவைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தேற்றியவர். "அட்டையை வச்சுக்கிட்டு வெளையாடவா வந்தோம்" என்பார். ஆசிரியர் பயிற்றுநர் வந்து முறையின் பெருமையை எடுத்துச் சொன்னார். சங்கத்துக்காரர்கள் வந்து எதிர்ப்பின் நியாயத்தை எடுத்துச் சொன்னார்கள். பெரிய டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாரம் அந்த டீச்சரின் வகுப்பு ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். பிறகு தச்சரை வரவழைத்து ஒரு சாண் உயரத்தில் அகலமான மணை ஒன்று செய்து, பாயின் மேல் போட்டார். விஷயம் மூட்டுவலி. கீழே உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை; சின்னப் பிள்ளைகள் முன்னால் அப்படி எழ அவருக்கு வெட்கம். அதை வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல் முறையைத் திட்டிக்கொண்டிருந்தார். மணை வந்த பிறகும் திட்டினார், ஆனால் உட்கார்ந்துகொண்டு திட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் எங்கள் எல்லாரையும்விட அவர் பிள்ளைகள்தான் அதிகப் படி ஏறியிருந்தார்கள்.

இதிலிருந்து ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியர் புதிய முறையை மறுத்தால் கொள்கைபற்றி விவாதம் செய்யப் போகாதீர்கள். போய் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் கீழே ஏதாவது சின்னதாக இருக்கும். கண்ணாடி மாற்றவேண்டிய பார்வை, கைபேசியில் தமிழ் தட்டச்சு தெரியாதது, ஆறாம் வகுப்பு அறிவியலில் ஒரு பாடம் தனக்கே புரியாதது, வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியார். இவற்றை யாரும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொல்லமாட்டார்கள். "இந்தத் திட்டமே சரியில்லை சார்" என்றுதான் சொல்வார்கள். சில சமயம் திட்டமே சரியில்லாமலும் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய வகுப்புக்குள் போயிருக்க வேண்டும்.

வகுப்பில் உட்காருவதிலும் ஒரு கை இருக்கிறது. பின்வரிசையில் நாற்காலி போட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் நீங்கள் ஆய்வுக்கு வந்தவர். கடைசிப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அதன் நோட்டை வாங்கிப் பார்த்து, "இது என்ன கணக்கு, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் நீங்கள் அந்த வகுப்பின் ஆள். டீச்சரைப் பார்க்கவே வேண்டாம். அவர் எப்படி நடத்துகிறார் என்பதைப் பிள்ளையின் நோட்டு சொல்லும். வெளியே வந்து ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அதையும் அன்று சாயங்காலம் தனியாக. ஐந்து சொன்னால் ஐந்தும் நிற்காது. பிள்ளைகள் முன்னால் ஒரு சொல்கூட வேண்டாம்; கரும்பலகையில் எழுத்துப்பிழை இருந்தால்கூட, அழிக்கிற சாக்கில் நீங்களே திருத்திவிட்டு வந்துவிடுங்கள்.

இனி ஆய்வு. மேலேயிருந்து வருகிறவர்களை வாசலிலேயே எதிர்கொள்வது தலைமையாசிரியரின் பாதி வேலை. செயல்வழிக் கற்றலின் முதல் ஆண்டில் ஒரு குழு வந்தது. வந்தவர்களில் ஒருவர் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் பாடப்புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். அவன் விழித்தான். வகுப்பாசிரியை முகம் வெளுத்துவிட்டது. பெரிய டீச்சர் சாவகாசமாக, "ஐயா, அவன் ஏணியில எந்தப் படியில நிக்கிறான்னு முதல்ல பாருங்க. அந்தப் படி அட்டையைக் குடுங்க, வாசிப்பான். வாசிக்கலேன்னா என்னைக் கேளுங்க, டீச்சரைக் கேக்காதீங்க" என்றார். அட்டையைக் கொடுத்தார்கள், முதல் இரண்டு சொல்லை வாசித்தான், மூன்றாவதில் திக்கினான். பார்வைப் பதிவேட்டில் 'வாசிப்பில் முன்னேற்றம் தேவை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதற்குக் கீழே பெரிய டீச்சர் தன் கையெழுத்தைப் போட்டார். டீச்சரிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் கொடுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்தப் பையனை மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் அலுவலக அறைக்கு அனுப்பச் சொன்னார்.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பள்ளி ஒன்றில், வந்த அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம், "நான் சொல்லிட்டேன் சார், இவங்கதான் செய்யல" என்று ஆசிரியரைக் கைகாட்டினார் ஒரு தலைமையாசிரியர். அவர் மேல் அன்று ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் எதையும் புதிதாகச் செய்து பார்க்கவில்லை. பதிவேடுகள் மட்டும் பிரமாதமாக இருந்தன. அட்டைகள் கசங்காமல் பெட்டியிலேயே இருந்தன. புதிதாக வருகிறவர்கள் செய்கிற பிழைகளில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன், ஏனென்றால் செய்கிறவருக்கு இது பிழையாகவே தெரியாது.

2011-ஐ மறக்க முடியாது. சமச்சீர்க் கல்வி முந்தின ஆண்டு ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்திருந்தது. மற்ற வகுப்புகளுக்கு வரவேண்டிய ஆண்டில் ஆட்சி மாறி, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் நடுவில் பள்ளி திறந்தாயிற்று, புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் கதவு திறந்தது. இடைப்பட்ட இரண்டு மாதம் ஏழாம் வகுப்பில் நின்றுகொண்டு என்ன செய்வது? கையில் பழைய புத்தகம் இருக்கிறது, நடத்தலாமா என்று கேட்டோம். பெரிய டீச்சர் வேண்டாம் என்றார். "நடத்தினதைத் திரும்ப மாத்தி நடத்தணும்னா பிள்ளைக்கும் சலிப்பு, உங்களுக்கும் சலிப்பு. புத்தகம் எது வந்தாலும் வேணுங்கிறதைச் செய்வோம்." ஆறு முதல் எட்டு வரை எல்லாப் பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டுகிற பிள்ளைகள் இருந்தார்கள்; பாடம் நடத்துகிற அவசரத்தில் அதுவரை கண்ணில் படாதவர்கள். அலமாரியில் பூட்டிக்கிடந்த கதைப் புத்தகங்களைத் திறந்து கொடுத்தார். கணக்கு சார் பிள்ளைகளை டேப்போடு மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் சுற்றளவும் பரப்பளவும் எடுக்கவைத்தார். அறிவியலுக்குக் குளத்தங்கரை. ஊர்க்காரர்கள், "என்ன சார், பள்ளிக்கூடம் நடக்குதா இல்லையா" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் யாரும் பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. கிராமக் கல்விக் குழுவைக் கூட்டி அவரே சொல்லிவிட்டார்.

புத்தகம் வந்ததும் அவர் செய்தது இன்னும் பெரிது. இரண்டு மாதப் போர்ஷன் போய்விட்டது. எல்லாரும் வேகமாக ஓட்டத் தயாரானோம். ஒவ்வொரு பாடத்துக்கும் அந்தந்த ஆசிரியரோடு உட்கார்ந்து, எதை எதோடு சேர்த்து நடத்தலாம், எதைப் பிள்ளைகளே வாசித்துக்கொள்வார்கள், எதற்கு முழு நாலு பாடவேளை கொடுத்தே ஆகவேண்டும் என்று பென்சிலால் குறித்தார். அப்படிக் குறித்த தாளில் கீழே தன் கையெழுத்து. நாளைக்கு யாராவது இந்தப் பாடம் ஏன் விரிவாக நடத்தவில்லை என்று கேட்டால் காட்டுவதற்கு.

அடுத்த ஆண்டே முப்பருவ முறை. 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை வந்தது. பிள்ளைகளின் பை இளைத்தது, எங்கள் பதிவேடு பெருத்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதில் இருபது செயல்பாட்டுக்கு, இருபது சிறு தேர்வுக்கு. எண்ணம் நல்ல எண்ணம்தான். நடந்தது என்னவென்றால் செயல்பாடு என்றதும் பிள்ளைகள் ஸ்டேஷனரிக் கடைக்குப் போய்ப் படத்தாள் வாங்கி வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பழங்கள் ஒரு தாள், தலைவர்கள் ஒரு தாள். ஒட்டினால் இருபதுக்குப் பதினெட்டு. டீச்சர்களோ பருவக் கடைசியில் இராத்திரி உட்கார்ந்து மனசிலிருந்து மதிப்பெண் போட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நாற்பது பிள்ளை, ஐந்து பாடம், ஒவ்வொன்றுக்கும் நாலு செயல்பாடு.

அப்போது நான் வேறு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போயிருந்தேன். சுற்றறிக்கைகளை எடுத்துவைத்து வரிவரியாகப் படித்தேன். உண்மையில் கேட்டிருந்த பதிவேடுகள் கொஞ்சம்தான். நடுவில் ஒவ்வொரு நிலையிலும் ஒருவர் ஒரு படிவத்தைச் சேர்த்திருந்தார்; அதற்கு மேல் பள்ளிகள் பயத்தில் தாங்களாகச் சேர்த்துக்கொண்டவை. கேட்காததையெல்லாம் நிறுத்தினேன். வகுப்புக்கு ஒரு நீள நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம், செயல்பாடு நடக்கும்போதே பென்சிலில் ஒரு வரி. 'விதைகளைப் பிரித்தாள், ஒருவித்திலை இருவித்திலை காரணம் சொன்னாள்' என்ற மாதிரி. மதிப்பெண் பிறகு. கடையில் வாங்கிய படம் ஒட்டினால் மதிப்பெண் கிடையாது என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். அதில் அவர்களுக்குத்தான் அதிக சந்தோஷம். வாராவாரம் கைக்காசு போய்க்கொண்டிருந்தது. டீச்சர்கள்தான் கொஞ்சம் தயங்கினார்கள், பார்வைக்கு வந்தால் பளபளப்பாகக் காட்ட ஒன்றும் இருக்காதே என்று. வந்தவர்களிடம் அந்த நீள நோட்டைக் காட்டினோம். ஒருவர் பாராட்டினார், இன்னொருவர் படிவம் எங்கே என்று கேட்டார். இரண்டும் நடக்கும்.

சுற்றறிக்கை என்றதும் சொல்லவேண்டியது ஒன்று. முன்பெல்லாம் தபாலில் வந்தது, பிறகு வட்டார வள மையத்தில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தோம், இப்போது இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. கூடவே 'மிக மிக அவசரம்'. பல தலைமையாசிரியர்கள் வந்த விநாடியில் பள்ளிக் குழுவுக்குத் தள்ளிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். தள்ளிவிட்டது சாட்சியாம். பள்ளியில் ஏழு பேர் தூக்கம் கெடுவதைத் தவிர அதனால் ஒன்றும் நடப்பதில்லை. நான் இரவில் எதையும் அனுப்பியதில்லை. காலையில் வந்ததும் சுற்றறிக்கைப் பதிவேட்டில் என் கைப்பட எழுதுவேன்: என்ன, யார், என்றைக்குள். கையால் எழுதப் போனால் நாலு பக்கம் நாலு வரியாகிவிடும். பாதி உத்தரவுகள் அலுவலகத்தோடு முடிந்துவிடும், ஆசிரியர் வரைக்கும் போகவேண்டியதே இல்லை என்பதும் எழுதும்போதுதான் தெரியும். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பிறர் தடுமாறாமல் படிக்கும்படி இருந்தால் போதும்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலையில் பாடம் எடுத்தார்கள். நம் பிள்ளைக்கு இவர்கள் என்ன சொல்லித்தருவது என்று டீச்சர்களுக்கு ஒரு முகச்சுளிப்பு. படித்த டீச்சர் நம்மைக் குறைவாக நினைப்பார் என்று அவர்களுக்கு ஒரு பயம். இரண்டு தரப்பையும் ஒருநாள் சத்துணவுக் கூடத்தில் உட்காரவைத்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை நடுவில் வைத்தேன். எந்தப் பிள்ளை வேலைக்குப் போனது, எது ஒன்றரை வருஷமாகப் புத்தகத்தையே தொடவில்லை என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குத்தான் தெரிந்திருந்தது. முகச்சுளிப்பு அன்றோடு போயிற்று என்று சொல்லமாட்டேன். குறைந்தது.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைகளை அவர்கள் நிற்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்த வேண்டும். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. கொரோனாவில் முதல் வகுப்பையே பார்க்காமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு இது வேண்டியதுதான். கையேடு பருவத்துக்கு ஒன்று. பாடல் உண்டு, பொம்மலாட்டம் உண்டு, செயலட்டைகள் உண்டு. பிறகு மதிப்பீடு, அது கைபேசிச் செயலியில்.

இளைய டீச்சர்களுக்குச் செயலி கஷ்டமில்லை, மூன்று நிலையையும் ஒரே நேரத்தில் மேய்ப்பதுதான் கஷ்டம். செயல்வழிக் கற்றலில் ஊறிய மூத்தவர்களுக்கு மூன்று நிலை கஷ்டமே இல்லை, ஆறு குழுவைப் பார்த்தவர்கள்; செயலியைத் திறந்தால் கை நடுங்கும். ஆகவே இருவரையும் ஜோடி சேர்த்தேன். இதை அறிவிப்பாகச் செய்யாதீர்கள். 'இவருக்கு இவர் உதவுவார்' என்று பதிவேட்டில் எழுதினால் இரண்டு பேருக்கும் கௌரவக் குறைச்சல். கால அட்டவணையில் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை விழுகிற மாதிரி செய்தேன், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.

செயலிக்கு வகுப்பு நேரத்தைக் கொடுக்கக் கூடாது. டீச்சர் கையில் போன் இருந்தால் முன்னால் இருக்கிற பிள்ளையின் நேரம் போகிறது. அதிலும் சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் முப்பது பிள்ளையும் சேர்ந்து சுற்றும். மதிப்பீட்டைத் தாளிலேயே முடித்துவிட வேண்டும். பதிவேற்றம் சாயங்காலம். எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேதான் சிக்னல் நிற்கும். அங்கே ஒரு பெஞ்சு போட்டோம். முடியாதவர்கள் தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், நான் ஏற்றுவேன். தலைமையாசிரியர் உட்கார்ந்து டேட்டா என்ட்ரி செய்வதா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த அரை மணியில் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீடும் என் கண் வழியாகப் போயிற்று. எந்த வகுப்பில் கழித்தல் நிற்கவில்லை, எந்தப் பிள்ளை அரும்பிலேயே நிற்கிறது என்று யாரிடமும் கேட்காமல் தெரிந்தது. இதைவிட நல்ல ஆய்வு எனக்குக் கிடைத்ததில்லை.

நேரம் உண்டாக்குவது பற்றிச் சொல்லவேண்டும், எல்லாம் அதில்தான் நிற்கிறது. நேரத்தைக் கால அட்டவணையிலிருந்துதான் எடுக்க முடியும். ஜூன் மாதக் கால அட்டவணையை ஆண்டு முழுக்கவும் ஒட்டிவைப்பதற்காகப் போடாதீர்கள். புதிய முறை வந்த முதல் பருவத்துக்குத் தனி அட்டவணை. அதில் அந்த ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை கையேடு படிக்க. அவர் வகுப்பை யார் பார்ப்பது? நீங்கள்தான். கதை சொல்லுங்கள், வாய்க்கணக்கு போடுங்கள், செய்தித்தாள் வாசிக்கவையுங்கள். பெரிய பள்ளியாக இருந்தால் இரண்டு பிரிவை ஒன்றாகச் சேர்த்து மைதானத்துக்கு அனுப்பலாம். சின்னப் பள்ளியில் வழியில்லை, உங்கள் மேசைதான் வகுப்புக்குள் போகவேண்டும். ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் எனக்குச் சொல்லித்தரட்டும்.

குறுவள மையப் பயிற்சிக்கு ஒருவர் சனிக்கிழமை போய்வந்தால், திங்கட்கிழமை மற்றவர்களுக்கு அவர் உரையாற்ற வேண்டாம். கருத்துச் சொல்லச் சொன்னால் "நல்லா இருந்துச்சு சார்" என்பார், முடிந்தது. தன் வகுப்பில் அதில் ஒன்றே ஒன்றை எடுத்து நடத்தட்டும், மற்றவர்கள் வாசலில் நின்று பார்க்கட்டும். முதல் தடவை சொதப்பும். சொதப்பினால், அங்கேயே அந்த நிமிஷமே, அடுத்த திங்கள் அதையே நீங்கள் நடத்துவதாகச் சொல்லிவிடுங்கள். உங்களுடையதும் சொதப்பும். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர், "சார், இதை இப்படி மாத்திச் செஞ்சா என்ன?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் முறை பள்ளிக்குள் வந்துவிட்டது.

கடைசியாக, மாறுதல் கலந்தாய்வு. இரண்டு வருஷம் பாடுபட்டு ஒரு டீச்சரைக் கை பழக்கியிருப்பீர்கள், சொந்த ஊருக்கு இடம் கிடைத்துப் போய்விடுவார். போகவேண்டியதுதான், குடும்பம் அங்கே இருக்கிறது. விடுவிப்பு ஆணையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். போவதற்கு முன் மூன்று காரியம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று அவர் கையெழுத்தில் ஒரு பட்டியல். கையேட்டில் எதையெல்லாம் தாண்டிவிட்டு நடத்தினார், எதை மாற்றினார் என்று அந்தந்தப் பக்கத்திலேயே பென்சில் குறிப்பு. அவர் செய்த செயலட்டைகள், பொம்மைகள் எல்லாம் பெயர் எழுதிய டிரங்குப் பெட்டியில், பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி. புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே வகுப்பைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு வாரம் நீங்கள் எடுங்கள், அவர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கட்டும். அந்த வாரத்தில் பார்வைக்கு யாராவது வந்து, ஆசிரியர் ஏன் பாடம் நடத்தாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பார்கள். நீங்கள் உட்காரச் சொன்னதாகச் சொல்லுங்கள்.